வலி இருக்கும்வரை

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, சோற்று டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கப்போன நேரத்தில்தான் அந்த ஆட்டோ வந்தது. கேஷுவாலிட்டி டாக்டர் சாப்பிட உட்கார்ந்தால் ஊரில் யாருக்காவது மூச்சு நிற்கும் என்பது எழுதாத சட்டம். தாமரைச்செல்விக்கு இதில் பன்னிரண்டு வருஷ அனுபவம். கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆட்டோவின் பின்சீட்டில் இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் மனைவியின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. "ஏங்க, கண்ணத் தொறங்க, ஏங்க" என்று அந்தப் பெண் அவன் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். தாமரைச்செல்வி அவன் இமையைப் பிரித்துப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் கைவைத்து எண்ணினாள். நிமிஷத்துக்கு நாலே மூச்சு.

"வலி மாத்திரைதானே? எத்தன போட்டாரு?"

"தெரியலைங்கம்மா. ரெண்டு அட்ட காலியா கெடந்திச்சி. பிராந்தியும் குடிச்சிருக்காரு."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஜுவைரியா அதற்குள் மூச்சுப் பையை அவன் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். திருமலைராயன்பட்டினத்துக்காரி, இருபது வருஷ நர்ஸ். வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இருக்கும், கை பாட்டுக்கு வேலையைச் செய்யும். தாமரைச்செல்வி நரம்பைத் தேடிப் பிடித்து மாத்திரையின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசியைச் செலுத்தினாள். ஒரு நிமிஷம் கழித்து அவன் நீளமாக ஒரு மூச்சை இழுத்தான். இன்னொன்று இழுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தன்னைக் காப்பாற்றியவர்கள் அத்தனை பேரையும் பெற்ற தாயோடு சேர்த்து வைதான்.

"வய்யி, நல்லா வய்யி. மையத்து வய்யாது, உசிரோட இருக்குறவன்தான் வய்வான்" என்றாள் ஜுவைரியா.

அவன் பெயர் ஜெயபிரகாஷ், மண்டபத்தூர் மீனவன். மனைவி நித்யஸ்ரீ. பெயர், வயது, ஊர் மூன்றையும் ஒழுங்காகச் சொன்னவள், பெரிய சிவப்பு அட்டை போட்ட பதிவேட்டைத் தாமரைச்செல்வி எடுத்ததும் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்படி வரும் கேஸைப் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது மண்டபத்தூரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஒங்க கால்ல வுழுறேம்மா. போலீஸுக்கு மட்டும் எழுதாதீங்க. அடுத்த மாசம் பஹ்ரைனுக்குப் போவணும். போலீஸ் கிளியரன்ஸ் இன்னும் கைக்கு வரல. கேசுன்னு ஒண்ணு ஆயிடிச்சின்னா எல்லாம் போச்சி. இந்த ஊர வுட்டு வெளிய போனாத்தாம்மா இவரு இந்தச் சனியன வுடுவாரு."

"எழுதாம இருக்க முடியாதும்மா. சட்டம் அப்படி."

"அப்ப நாங்க கெளம்புறோம். வாஞ்சூரத் தாண்டுனா நாகூரு. அங்க எங்கள யாரு கேக்கப் போறா?"

சொல்லிவிட்டு நிஜமாகவே அவன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். காரைக்கால் ஆட்களிடம் இது ஒரு தொல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இருபது நிமிஷத்தில் வேறு மாநிலம் வந்துவிடும். அங்கே போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

"இப்ப போட்ட ஊசிக்கு ஒரு மணி நேரம்தாம்மா ஆயுசு. அவரு முழுங்குனது அதுக்கப்பறமும் உள்ள இருக்கும். போற வழியிலேயே மூச்சு நின்னுடும். நான் எழுதுறது இருக்கட்டும், ராத்திரி வரைக்குமாவது இங்க இருங்க."

"எழுதலைன்னு சத்தியம் பண்ணுங்க. இருக்கேன்."

எழுதினால் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவன் ஆட்டோவில் சாவான். எழுதாவிட்டால் சட்டப்படி குற்றம். அந்த நேரம் பார்த்து ஜுவைரியா திரைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க. நீங்க மட்டும் வாங்க."

நோயாளியின் சட்டையைக் கத்தரித்து எடுத்தால் பையில் இருந்ததையெல்லாம் நர்ஸ் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். செல்போன் ஒன்று, மீனவர் அடையாள அட்டை ஒன்று, சாவி ஒன்று என்று ஜுவைரியா எழுதியிருந்தாள். நாலாவது வரியில் பேனா நின்றிருந்தது. அந்த நாலாவது பொருளை அவள் நீட்டினாள்.

லேமினேட் செய்த மருந்துச் சீட்டு அது. கடலோரத்தில் எந்தக் காகிதமும் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது என்பதால் இவர்கள் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடுவார்கள். ஆனால் மருந்துச் சீட்டையுமா செய்வார்கள்! தேதி இருந்த மூலை மட்டும் நைந்து வெளுத்திருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நோயாளியின் பெயர் தெட்சிணாமூர்த்தி. டாபென்டடால் என்கிற வலி மாத்திரை நூறு மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. எத்தனை நாளைக்கு என்று எழுத வேண்டிய இடத்தில், படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும் அழகான தமிழில், 'வலி இருக்கும்வரை'.

கீழே டாக்டர் தாமரைச்செல்வியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

தன் கையெழுத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சாயங்கால வேளைகளில் வீட்டு முன்னறையில் அவள் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தாள். தெட்சிணாமூர்த்தி என்கிற விசைப்படகு டிரைவர் வலை இழுக்கிற இயந்திரத்தில் இடுப்பை அடித்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வந்தார். அஞ்சு நாள் மாத்திரை எழுதி, பிறகு வந்து காட்டுங்கள் என்றாள். "கடலுக்குப் போனா பத்துப் பன்னெண்டு நாளாவும்மா, நடுக்கடல்ல ஒங்கள எங்க தேடுறது?" என்று அவர் சிரித்தார். நியாயம்தானே என்று அவளுக்குப் பட்டது. அஞ்சு நாள் சீட்டைக் கிழித்துப் போட்டு, வேறு சீட்டில் 'வலி இருக்கும்வரை' என்று எழுதிக் கொடுத்தாள். இரக்கப்பட்டு எழுதியதுதான். அந்த ஆள் பிறகு வரவே இல்லை. குணமாகியிருக்கும் என்று அவளும் மறந்துபோனாள்.

அதற்குப் பிறகு வந்த கதை ஊருக்கே தெரியும். கடந்த மூன்று வருஷமாக இந்த மாத்திரையை எதிர்த்து அவள் போடாத சண்டை இல்லை. மூச்சு நின்று வந்தவர்களைக் கணக்கெடுத்தாள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினாள், மருந்துக்கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். 'மாத்திரை டாக்டர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. புதன்கிழமைதோறும் பழக்கத்தை விடவைக்கிற சிகிச்சை கொடுத்தாள். அறுபத்துமூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து, "சீட்டு இல்லாம ஒரு மாத்திரைகூடக் குடுக்கக் கூடாது. கண்டபடி எழுதிக் குடுக்குற டாக்டர் யாருன்னு கண்டுபிடிச்சு அந்தக் கைய ஒடிங்க" என்று முழங்கியதும் இவளேதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"இதையும் லிஸ்ட்ல எழுதவா டாக்டர்?" என்று ஜுவைரியா மெல்லக் கேட்டாள்.

தாமரைச்செல்வி சீட்டைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள்.

"அவன் பொண்டாட்டியும் எழுதாதீங்கன்னுதான் கால்ல வுழுவுறா. நான் எதையும் பாக்கல. மூணு பொருள்தான் இருந்திச்சி. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா புதன்கெழம வர்ற அறுவத்திமூணு பேரும் எங்க போவாங்க? வேற எந்த டாக்டர் அவங்கள உள்ள வுடுறாரு? அல்லாவுக்குப் பொதுவா யோசிங்க."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் கொடுமை. தாமரைச்செல்வி சீட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. மருத்துவக் கவுன்சில் விசாரணை வரும், கையெழுத்துப் போடுகிற உரிமை போகும், செய்தித்தாளில் படத்தோடு போடுவார்கள், பத்தாவது படிக்கிற மகள் அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஒரு பிளாஸ்டிக் அட்டை. கத்தரிக்கோலால் நாலாக வெட்டி, எரிக்க அனுப்பும் பழைய ஊசி டப்பாவில் போட்டால் நாளைக்குச் சாம்பல். அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம், பஹ்ரைனும் நிலைக்கும். எல்லோருக்கும் நல்லது என்கிறபோது அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? கத்தரிக்கோலைக் கையில் எடுத்தும் விட்டாள்.

வெளியே ஜெயபிரகாஷ் போட்ட சத்தம் கதவைத் தாண்டி வந்தது. "என் சட்ட எங்க? சட்டப் பையில ஒரு அட்ட இருந்திச்சே, அது எங்க?"

தாமரைச்செல்வி கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். "என்ன அட்ட?"

"சீட்டும்மா. எடுத்த எடத்துல திருப்பி வைக்கணும். அதான் ஒரிஜினலு, மத்ததெல்லாம் ஜெராக்ஸ்."

"மத்ததுன்னா?"

அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. பிராந்தி இன்னும் இறங்காததால் நாக்கு மட்டும் கட்டுப்பாட்டில் இல்லை. "எங்க தெருவுல மட்டும் பதினோரு அட்ட சுத்துது. படகுக்கு ஒண்ணு. முன்னெல்லாம் சும்மா கேட்டாலே குடுத்தானுவ. இந்த மாத்திரை டாக்டரு வந்து சீட்டு சீட்டுன்னு குதிச்சப்பறம் ஒரு பயலும் தர்றதில்ல. ஆனா இந்த அட்டைய நீட்டுனா மறு பேச்சில்ல. அவங்களே எழுதியிருக்காங்களே, அப்பறம் என்னன்னு எடுத்துக் குடுத்துடுவானுவ."

எதிரில் நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜுவைரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடையை அடைக்க அவள் போட்ட பூட்டுக்கு அவள் கையெழுத்தே சாவியாகியிருந்தது. கையில் இருந்த ஒன்றை வெட்டிப் போட்டால் மீதி பத்து வெளியே இருந்தன. அவற்றை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. அந்தக் கையெழுத்து என்னுடையது, செல்லாது என்று அவளே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கதை முடிந்தது.

அவள் இப்படி மறுகிக்கொண்டிருந்தபோது ஜெயபிரகாஷின் சத்தம் அடங்கிவிட்டது. "அப்பாடா, தூங்குறாரு. எழுப்பாதீங்கம்மா" என்று நித்யஸ்ரீ புடவைத் தலைப்பால் விசிறினாள்.

தாமரைச்செல்வி அவன் நெஞ்சைப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவில்லை.

"ஜுவைரியா! பை!"

மறுபடியும் மூச்சுப் பை, மறுபடியும் ஊசி. இந்த முறை ஒரு ஊசிக்கு அவன் மசியவில்லை. இரண்டாவதும் போட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குகிற மாதிரி குளுக்கோஸ் பாட்டிலில் கலந்துவிட்ட பிறகுதான் உதட்டில் ரத்த ஓட்டம் திரும்பியது. நித்யஸ்ரீ சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைத் தேடிக் கண்டெடுத்து மடியில் வைத்திருந்தாள். அதைக் கீழே போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆட்டோல போயிருந்தா..." என்றாள்.

"ஆமா" என்றாள் தாமரைச்செல்வி. பிறகு அவள் பக்கத்திலேயே குந்தினாள். கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினாள். "இங்க பாரும்மா. இத எழுதுனது நான்தான். மாத்திரை டாக்டரும் நான்தான். இப்ப இத அப்படியே பதிவேட்டுல எழுதப் போறேன். ஒங்க வீட்டுக்காரரு திருட்டுத்தனமா எதுவும் வாங்கல, ஒரு டாக்டரு எழுதுன சீட்டக் காட்டி வாங்குனாருன்னு எழுதுவேன். கேஸ்னா மொதல்ல என் மேலதான் வரும். கிளியரன்ஸ் கெடைக்குமான்னு சத்தியம் பண்ண முடியாது. மறைச்சேன்னா இன்னொரு பொண்ணு நாளைக்கு இதே மாதிரி ஆட்டோல வருவா. அது மட்டும் நிச்சயம்."

நித்யஸ்ரீ சீட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று தாமரைச்செல்வி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். "எழுதிக்குங்கம்மா. இனிமே எனக்கு இவரு இருந்தா போதும்" என்று மட்டும் அவள் சொன்னாள்.

தாமரைச்செல்வி எழுதினாள். மாத்திரையின் பெயர், பிராந்தி, மூச்சு நின்ற நேரம், எல்லாம் வழக்கம்போல. 'மருந்து கிடைத்த வழி' என்ற இடத்தில் தன் பெயரையும் பதிவு எண்ணையும் யாருக்கும் புரியும்படி தெளிவாக எழுதினாள். ஜுவைரியா பொருள் பட்டியலில் நாலாவது வரியை எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாமரைச்செல்வி போலீஸுக்குச் சொன்னாள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போன் போட்டு, தன் பெயரில் எந்தச் சீட்டு வந்தாலும் செல்லாது என்று எல்லாக் கடைகளுக்கும் இப்போதே சொல்லச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர், "டாக்டர், அவசரப்படாதீங்க, திங்கக்கெழம பேசிக்கலாமே" என்றார். எல்லோரும் அவளுக்கு நல்லதே நினைத்தார்கள். "இப்பவே சொல்லுங்க சார்" என்று வைத்தாள்.

நாலு மணி இருக்கும். படகுத் துறையிலிருந்து நேராக ஓடி வந்த கோலத்தில் தெட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தார். ஜெயபிரகாஷின் அப்பா அவர். ஆறு வருஷத்தில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மகனின் காலைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பெற்ற மனசு இல்லையா, பதறத்தானே செய்யும் என்று தாமரைச்செல்விக்கு மனம் கலங்கியது. அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஐயா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னம்மா. எங்க குலசாமி மாதிரி நீங்க. இடுப்பு ஒடிஞ்சி கெடந்தவன எழுப்பி உக்கார வச்சீங்க."

"ஒங்க மகன் இப்படிக் கெடக்கறதுக்கு என் சீட்டுதான் காரணம். நாள் கணக்கு எழுதாம வுட்டது என் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

"அட, நீங்க என்னம்மா பண்ணுவீங்க? எங்க கஷ்டத்தப் பாத்துதானே எழுதுனீங்க" என்று அவர் பதறினார். கொட்டாவி ஒன்று வந்தது, வாயை மூடிக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அந்த அட்ட ஒங்ககிட்டதானே இருக்கு? அத மட்டும் குடுத்துடுங்க."

"எதுக்குங்கய்யா? மகனப் பாத்தும் கேக்குறீங்களே!"

"அவனுக்கு இல்லம்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு. நேத்துக் காலையிலேயே அவன் எடுத்துட்டுப் போயிட்டான். நேத்துலேருந்து ஒண்ணுகூடப் போடல."

தாமரைச்செல்வி அப்போதுதான் அவரை ஒரு டாக்டராகப் பார்த்தாள். முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. கண்மணி அகலமாக விரிந்திருந்தது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், நடுக்கம், கொட்டாவி. புதன்கிழமைதோறும் அறுபத்துமூன்று பேரிடம் அவள் பார்க்கிற அதே அறிகுறிகள். மகனுக்காக அழுகிறார் என்று அவள் நினைத்தது பாதிதான் சரி.

"இடுப்பு வலி இன்னும் இருக்கா?"

"அது எப்பவோ போயிடிச்சும்மா. மாத்திரைய வுட்டாத்தான் வலிக்கிது. நேத்து வரைக்கும் ஆறு வருஷமா ஒரு நாள் தவறுனதில்ல. நீங்க எழுதுன மாதிரியேதான் போட்டுக்கிட்டு வர்றேன். ரெண்டு பத்தல, இப்ப பன்னெண்டு." சொல்பேச்சுக் கேட்ட நோயாளியின் அடக்கத்தோடு சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். "விடிஞ்சா படகு கெளம்புதும்மா. குடுங்க."

தாமரைச்செல்வி அட்டையைக் கொடுக்கவில்லை. அவருக்கு எதிரில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, இருபது வருஷ நர்ஸும் நோயாளியும் நோயாளியின் மனைவியும் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதாள்.

"அழுவாதீங்கம்மா. அதான் புள்ள பொழச்சிட்டானே" என்று தெட்சிணாமூர்த்தி அவளைத் தேற்றினார். நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை.